டிசம்பர் ஹொக்கைடோ பயணம்: பிள்ளைகளுக்கான பாதுகாப்பு உடை

வணக்கம் பெற்றோர்களே.

ஜப்பானின் ஹொக்கைடோ பயணத்தில் பிள்ளைகள் ஸ்னோபோர்டு (பலகையில் நின்று பனியில் சறுக்குவது) பழகப் போகிறார்கள். நம் சுங்கை சிப்புட் பிள்ளைகள் பலருக்குப் பனியைப் பார்ப்பதே முதல் முறை; கண்டிப்பாக விழுவார்கள். இரண்டு காலும் ஒரே பலகையில் கட்டியிருப்பதால் ஒரு காலை ஊன்றிச் சமாளிக்க முடியாது. பின்னால் சாய்ந்தால் இடுப்பும் வால் எலும்பும், முன்னால் விழுந்தால் முட்டியும் கையும் அடி வாங்கும். புதிதாகப் பழகுவோருக்கு மணிக்கட்டில்தான் அதிகம் அடிபடுகிறது.

அளவு பார்க்கும் நாள்: வரும் ஞாயிறு, நவம்பர் 15, காலை மணி 10, தமிழ்ப்பள்ளி மண்டபம்.

1. பிள்ளையைக் கூட்டி வாருங்கள். இடுப்பு, தொடை அளவு அங்கேயே எடுப்போம்.
2. பேட் (அடி தாங்கும் மெத்தை) வைத்த சிலுவார் (கால்சட்டை), பனிச் சிலுவாருக்கு உள்ளே போடுவது. உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும். வளர்கிற பிள்ளை என்று பெரிய அளவு எடுக்காதீர்கள். தளர்வாக இருந்தால் விழும்போது பேட் நகர்ந்துவிடும்.
3. பனிச் சிலுவார் வாங்கிவிட்டவர்கள் அதையும் கொண்டு வாருங்கள்.
4. மணிக்கட்டுக் கவசம், ஹெல்மெட் இரண்டும் கட்டாயம். மோட்டார் ஹெல்மெட் வேண்டாம். பனிச்சறுக்கு ஹெல்மெட்டுக்கான தர முத்திரை, அதாவது இஎன் 1077 (EN 1077) அல்லது ஏஎஸ்டிஎம் எஃப்2040 (ASTM F2040), உள்ளதைப் பாருங்கள்.
5. முன்பு எலும்பு முறிந்திருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள்.

பேட் போட்டால் அடியே படாது என்றில்லை, அடியின் வேகம் குறையும். எனவே, எப்படி விழுவது என்று பயிற்றுநர் சொல்வதைப் பிள்ளைகள் கவனித்துப் பழக வேண்டும். அப்புறம், செலவு சிரமம் என்றால் தயங்காமல் சொல்லுங்கள், இரவலுக்கு ஏற்பாடு செய்வோம்.

பிள்ளையின் பெயர், உயரம், ஞாயிறு வருவீர்களா என்பதை வெள்ளி இரவு மணி 9க்குள் இங்கே பதிவிடுங்கள். நன்றி.