ஸ்டென்ட் வைத்த பிறகு: சங்கச் செயலாளரின் 2024–25 ஆண்டறிக்கை

சங்கத் தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர்களுக்கும், துணைக்கு வந்திருக்கும் குடும்பத்தாருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான பணிகளை இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். நம் உறுப்பினர்கள் எல்லாரும் சர்க்கரை நோயோடு ஒருமுறை மாரடைப்போ, ஸ்டென்டோ (அடைத்த இதய ரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் கம்பிவலைக் குழாய்), பைபாஸோ கண்டவர்கள். வந்த நோய் இரண்டாம் முறை வராமல் பார்த்துக்கொள்வதற்காகவே இந்தச் சங்கம் கூடுகிறது. ஆகையால் இவ்வறிக்கையில் விழா விவரங்களைக் குறைத்து, கூட்டங்களில் தெளிவானவற்றை விரிவாக எழுதியிருக்கிறேன்.

மருந்துப் பை சரிபார்ப்பு

இவ்வாண்டின் முதன்மைப் பணி இதுதான். வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும், கடைசிச் சீட்டையும், ரத்தப் பரிசோதனைத் தாள்களையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுவரச் சொன்னோம். மருந்தாளுநர் ஒவ்வோர் அட்டையிலும் கடைப்பெயரை (கம்பெனி வைத்த விற்பனைப் பெயரை) விட்டு, உள்ளிருக்கும் மருந்தின் பெயரை உரக்க வாசிப்பார். உறுப்பினர் அது எதற்கு என்று சொல்ல வேண்டும். யாருடைய மருந்தையும் சங்கம் மாற்றவோ நிறுத்தவோ இல்லை. பிழை தெரிந்தால் சீட்டில் குறித்து அவரவர் மருத்துவரிடம் அனுப்புவதோடு நம் வேலை முடியும்.

பிழைகளில் மிக ஆபத்தானது கூட்டுக் காப்ஸ்யூலைப் பற்றியது. அஸ்பிரின் 75 மி.கி., குளோபிடோக்ரெல் 75 மி.கி., கூடவே கொழுப்பைக் குறைக்கும் ரோசுவாஸ்டாடினோ அடோர்வாஸ்டாடினோ என மூன்றும் ஒரே உறையில் வருகின்றன. மாரடைப்புக்குப் பின் ரத்தம் உறையாமல் இருக்க அஸ்பிரின், குளோபிடோக்ரெல் இரண்டையும் பொதுவாக 12 மாதம் சேர்த்துத் தருவார்கள். அதன் பிறகு “குளோபிடோக்ரெலை நிறுத்தலாம்” என்று மருத்துவர் சொன்னால், நோயாளி அந்தக் காப்ஸ்யூலையே நிறுத்திவிடுகிறார். வாழ்நாள் முழுதும் தொடர வேண்டிய அஸ்பிரினும் கொழுப்பு மாத்திரையும் அதோடு போய்விடுகின்றன, போனதே தெரிவதில்லை. மருத்துவர் “நிறுத்து” என்றால், “இதற்குப் பதிலாகத் தனித்தனியாக எதை எழுதித் தருகிறீர்கள்?” என்று அந்த இடத்திலேயே கேட்க வேண்டும்.

இதன் மறுபக்கமும் உண்டு. இதய மருத்துவர் ஒரு கொழுப்பு மாத்திரை, சர்க்கரை மருத்துவர் வேறு கடைப்பெயரில் இன்னொன்று என இரண்டும் சேர்ந்து உள்ளே போகின்றன. தசைவலிக்கு இது ஒரு காரணம். வயிற்றெரிச்சலுக்குக் கடையில் கேட்டு வாங்கும் ஒமிபிரசோல் குளோபிடோக்ரெலின் வேலையைக் குறைக்கும். பான்டோபிரசோலில் அந்தச் சிக்கல் பெரிதாக இல்லை. மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபென் எடுப்பது இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு. இபுபுரூஃபென் அஸ்பிரினுக்கு முன்பே போய் இடத்தைப் பிடித்துக்கொண்டு அதை வேலை செய்ய விடாது.

பல் பிடுங்க, கண்புரை அறுவைக்கு என்று தாமாகவே ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரையை நிறுத்துவதைப் பற்றி மூன்று கூட்டங்களில் பேசினோம், இன்னும் பேசுவோம். புதிய ஸ்டென்டின் கம்பி மீது உள்தோல் படிய மாதங்கள் ஆகும். அதற்குள் நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து முழு மாரடைப்பாக முடியும். பல்லில் வடியும் ரத்தத்தைப் பஞ்சு வைத்து அழுத்தி நிறுத்திவிடலாம்.

எண்கள்: எது நமக்கு, எது மற்றவர்க்கு

பரிசோதனைக் கூடத்துத் தாளில் எல்.டி.எல். எனும் கெட்ட கொழுப்புக்கு 100-க்குக் கீழ் என்றால் இயல்பு என்று அச்சிட்டிருக்கும். அந்த வரி நம் உறுப்பினர்களுக்கானது அன்று. சர்க்கரையும் இதய நோயும் சேர்ந்தவர்களுக்கு இலக்கு 55 மி.கி.க்குக் கீழ், தொடங்கிய அளவிலிருந்து பாதியாவது குறையவும் வேண்டும். 92 வந்தவர் “எல்லாம் நார்மல்” என்று தாளை மடித்து வைத்துவிடுவதால், மாத்திரையின் அளவு கூட்டப்படாமலே ஆண்டுகள் ஓடுகின்றன. வழக்கமாகத் தேவைப்படுவது அடோர்வாஸ்டாடின் 40 முதல் 80 மி.கி., அல்லது ரோசுவாஸ்டாடின் 20 முதல் 40 மி.கி. அதிலும் எட்டாவிட்டால் எசெடிமைப் 10 மி.கி. சேர்ப்பார்கள். தொடங்கிய அல்லது மாற்றிய 4 முதல் 12 வாரத்துக்குள் மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும். இந்த ஸ்டாடின் வகைக் கொழுப்பு மாத்திரை சர்க்கரையைச் சற்று ஏற்றும் என்பது உண்மைதான். ஆனால் அது தரும் பாதுகாப்பு அந்த ஏற்றத்தைவிடப் பன்மடங்கு. 1994-இல் வெளியான ஸ்காண்டிநேவிய ஆய்வில், இதய நோயுள்ள 4,444 பேரிடம் சிம்வாஸ்டாடின் மரணத்தை 30 விழுக்காடு குறைத்தது.

சர்க்கரைக்கு வருகிறேன். மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சி பெரும்பாலோருக்கு 7-க்குக் கீழ் போதும். வயதானவர்கள், அடிக்கடி தாழ்சர்க்கரை வருபவர்களுக்கு 8 வரை விடலாம். இன்னும் இறக்கினால் இன்னும் நல்லது என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. 6-க்குக் கீழ் இறக்கப் பார்த்த அமெரிக்காவின் அக்கார்ட் ஆய்வில் அந்தப் பிரிவில் மரணம் கூடியதால், 2008-இல் அந்தச் சிகிச்சையை இடையிலேயே நிறுத்தினார்கள். தாழ்சர்க்கரை இதயத் துடிப்பைக் குலைக்கும்.

நம்மில் பலர் இதயத் துடிப்பைத் தணிக்கும் மெட்டோபிரோலால் போன்ற பீட்டா தடுப்பு மருந்தும் எடுப்பவர்கள். அவர்களுக்குச் சர்க்கரை இறங்கும்போது படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகலாம். வியர்வை மட்டும் காட்டிக்கொடுக்கும். காரணமில்லாமல் சட்டை நனைந்தால் உடனே விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கவும். 70-க்குக் கீழ் என்றால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். வாக்லிபோஸ், அகார்போஸ் என்ற சர்க்கரை மாத்திரைகளை எடுப்பவர்களுக்கு இது சரிவராது. சாதாரணச் சர்க்கரை உடைவதையே அந்த மருந்து தடுத்து வைத்திருக்கும். அவர்களுக்குக் குளுக்கோஸ் தூள்தான் வேண்டும். வாக்லிபோஸ் நம் பகுதியில் கூட்டு மாத்திரைகளில் கலந்தே வருவதால், பலருக்கு எடுப்பதே தெரியவில்லை. இவ்வாண்டுச் சரிபார்ப்பு வேறெதற்குப் பயன்படாவிட்டாலும் இந்த ஒன்றுக்காகவே செய்யத் தகும் என்பது என் கருத்து.

சர்க்கரை மாத்திரைகளிலேயே இதயத்தைக் காப்பவை இருக்கின்றன. எம்பாகிளிஃப்ளோசினை 7,020 பேரிடம் பார்த்து 2015-இல் வெளியான ஆய்வில், இதய நோயால் நேரும் மரணம் 38 விழுக்காடு குறைந்தது. டாபாகிளிஃப்ளோசினும் இதே குடும்பம். முன்பு விலை எட்டாதிருந்தது. காப்புரிமை முடிந்த பிறகு உள்நாட்டுத் தயாரிப்புகள் வந்து இறங்கியிருக்கிறது. எச்பிஏ1சி நன்றாக இருந்தாலும் “இது எனக்கு ஏற்றதா?” என்று கேட்டுப் பாருங்கள். எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியவை: சிறுநீர் வழியாகச் சர்க்கரை போவதால் பிறப்புறுப்பில் பூஞ்சைப் புண் வரலாம், ஒவ்வொரு முறையும் தண்ணீரால் கழுவித் துடைக்கவும். வாந்தி, வயிற்றுப்போக்கு, சஷ்டி போன்ற முழுப் பட்டினி விரதம் ஆகிய நாள்களில் இதை நிறுத்திவைக்க மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளவும். அறுவைக்கு மூன்று நாள் முன்பே நிறுத்துவார்கள். இல்லையேல் சர்க்கரை எண் அதிகம் ஏறாமலே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் சேரும். எண் சரியாக இருப்பதால் வீட்டார் ஏமாந்துவிடுவார்கள். இதயம் வீங்கிப் பம்பிங் குறைந்தவர்கள், தங்கள் சர்க்கரை மாத்திரைகளில் பையோகிளிட்டசோன், சாக்ஸாகிளிப்டின் இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்; முன்னது உடலில் நீர் கட்ட வைக்கும், பின்னது இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேர்வதைக் கூட்டியதாக 2013-இலேயே தெரிந்துவிட்டது.

ரத்த அழுத்த இலக்கு 130/80-க்குக் கீழ். ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, கால் தரையில் பட, கை நெஞ்சு மட்டத்தில் இருக்க இரண்டு முறை பார்க்க வேண்டும். காபி குடித்த அரை மணிக்குள் பார்க்கும் எண்ணுக்கு மதிப்பில்லை.

சமையலறை, நடை, தடுப்பூசி

உப்பு ஆளுக்கு நாளொன்றுக்கு 5 கிராம், ஒரு தேக்கரண்டி. நாலு பேர் வீட்டுக்கு மாதம் 600 கிராம் ஆகிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய் எல்லாம் இதற்குள் அடக்கம் என்பதால், ஒரு கிலோ பாக்கெட் இரண்டு மாதம் வர வேண்டும். இந்துப்பு என்று மாற்றிக்கொண்டவர்களுக்கு ஒரு சொல்: அதுவும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான். கடையில் ‘குறைந்த சோடியம்’ என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கும். ராமிபிரில், டெல்மிசார்டான், ஸ்பைரோனோலாக்டோன் ஆகிய ரத்த அழுத்த, இதய மாத்திரைகளை எடுப்பவர்களுக்கும் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கும் அது துடிப்பையே நிறுத்தக்கூடும். எண்ணெய் ஆளுக்கு மாதம் அரை லிட்டர். ரேஷன் பாமாயிலில் ஏறக்குறையப் பாதி நிறைவுற்ற கொழுப்பு. வாங்காதீர்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. குடும்பத்தில் நோயாளியின் தாளிப்புக்காவது நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ தனியே வையுங்கள்.

நடை வாரம் 150 நிமிடம், பேச முடிகிற வேகத்தில். கால் மரத்தவர்கள் கண்ணாடி வைத்துப் பாதத்தைத் தினமும் பார்க்கவும். சித்திரை வெயிலில் கோயில் பிராகாரக் கல்லில் வெறுங்காலோடு சுற்றியது கொப்புளம் வந்த பிறகே தெரியும். ஃபுளூ காய்ச்சல் தடுப்பூசி ஆண்டுக்கு ஒன்று. புகையிலை எந்த வடிவிலும் கூடாது. வெற்றிலையோடு சேர்வதும் கணக்கில் சேரும்.

வலியில்லாத மாரடைப்பு

சர்க்கரை நரம்பைத் தேய்ப்பதால் இரண்டாம் மாரடைப்பு நெஞ்சுவலி இல்லாமலும் வரும். திடீர் மூச்சிரைப்பு, குளிர்ந்த வியர்வை, தாடையிலோ மேல்வயிற்றிலோ பாரம், எழ முடியாத அசதி என்று வந்தால் ‘வாயு’ என்று சோடா குடித்துக் காத்திருக்கக் கூடாது. முதலில் 108. சர்க்கரையும் பார்த்துவிடவும். அஸ்பிரின் ஒவ்வாமை இல்லாதவர்கள் 300 மி.கி.யைக் கடித்து மென்று விழுங்க வேண்டும்; முழுதாக விழுங்கினால் மேலுறை கரைய நேரமாகும். நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட்டை உட்கார்ந்தபடிதான் வைக்க வேண்டும், நின்றால் மயங்கி விழலாம். ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில் எடுத்து 24 மணி நேரம் ஆகாதவர்கள் அதைத் தொடவே கூடாது. கிராமத்திலிருப்போர் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தை மறக்க வேண்டாம். 2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் அஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின் முதல் தவணையை அங்கேயே கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள்.

வரும் ஆண்டுக்கு

செயற்குழு இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறது. ஒன்று, மருந்துப் பை சரிபார்ப்பை ஆறு மாதத்துக்கு ஒருமுறை என மாற்றி, கூடவே சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் சிறுநீர் ஆல்புமின், கிரியாட்டினின், அதோடு விழித்திரைப் பரிசோதனை ஆண்டுக்கொரு முறை நடந்ததா என்று குறித்துக்கொள்வது. இரண்டு, சட்டைப்பைக்குள் அடங்கும் அட்டை ஒன்றை அச்சிட்டுத் தருவது: ஸ்டென்ட் வைத்த தேதி, எந்த ரத்தக் குழாய், இப்போதைய மருந்துகளின் உட்பெயர்கள், ஒவ்வாமை, வீட்டார் தொலைபேசி எண். அட்டைக்கான விவரங்களை நிரப்ப, டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலை அடுத்த மாதக் கூட்டத்துக்கு எடுத்து வரவும். அது தொலைந்தவர்கள், சிகிச்சை பெற்ற மருத்துவமனையின் பதிவறையில் நோயாளி எண்ணைச் சொல்லி இப்போதே விண்ணப்பித்து வைக்கவும்.