மணல் நிரப்பும் பணி நிறைவு: உறுப்பினர்களுக்குக் குழுவின் அறிக்கை

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

கடற்கரையில் மணல் நிரப்பும் பணி முடிந்தது. கடலடியிலிருந்து மணலை எடுத்துத் தந்த தூர்வாரும் கப்பல் கிளம்பிவிட்டது, கரையில் கிடந்த இரும்புக் குழாய்களையும் எடுத்துவிட்டார்கள். வேலை நடந்ததை எல்லோருமே பார்த்தீர்கள். பணம் எங்கிருந்து வந்தது, எதற்குப் போனது என்பதுதான் பலருடைய கேள்வி.

பணம் மூன்று வழிகளில் வந்தது: அரசு மானியம், விடுதி அறைகள் மீதான வரி, கடலோரச் சொத்துகளுக்கான சிறப்பு வரி. வரி ஆண்டு முழுக்கச் சிறுகச் சிறுக வரும். ஒப்பந்தக்காரருக்கோ சில மாதங்களிலேயே முழுத் தொகையும் தர வேண்டும். இந்த இடைவெளியை நிரப்பத்தான் நகராட்சி கடன் பத்திரம் வெளியிட்டது. சிறப்பு வரியின் பெரும்பகுதி அந்தக் கடனுக்கான தவணையாகப் போகிறது.

"கடலை ஒட்டியிருக்கும் வீட்டுக்காக நான் ஏன் கட்ட வேண்டும்?" என்று பின்வரிசை வீடுகளின் உறுப்பினர்கள் கேட்டது நியாயமே. அதனால்தான் கடலைப் பார்த்த முன்வரிசை வீடுகளுக்குச் சிறப்பு வரியில் கூடுதல் விகிதம் வைக்கச் சொன்னோம். இது புது யோசனை அல்ல. அமெரிக்காவின் வட கரோலினாவில் நாக்ஸ் ஹெட் நகரம் 2011-இல் சுமார் 16 கிலோமீட்டர் கரையில் மணல் நிரப்பியபோது, மத்திய, மாநில அரசுகளின் உதவி இல்லாமல், விடுதி வரியையும் இத்தகைய சிறப்பு வரியையும் கொண்டே சமாளித்தது.

செலவில் உறுத்தியது, ஒரு பிடி மணல் விழுவதற்கு முன்பே போன தொகை. கப்பலை வரவழைக்கவும் குழாய் பதிக்கவும் ஆகும் செலவு, கொஞ்சம் மணல் என்றாலும் நிறைய மணல் என்றாலும் ஏறக்குறைய ஒன்றுதான். பக்கத்து ஊராட்சிகளும் சேர்ந்துகொண்டதால் அதைப் பங்கிட முடிந்தது. தனியாக இறங்கியிருந்தால் கட்டுப்படியாகியிருக்காது.

மணலுக்கான பணத்தைக் கப்பலின் கொள்ளளவை வைத்துக் கொடுக்கவில்லை. நிரப்புவதற்கு முன்னும் பின்னும் கரையைக் குறுக்குவெட்டாக அளந்து, நின்ற மணலுக்கு மட்டுமே பில் பாஸ் ஆனது. முதலில் காட்டிய மாதிரியைச் சலித்தபோது பெரும்பகுதி மெல்லிய சல்லடையிலும் தங்காமல் இறங்கிவிட்டது. நம் கரை மணலைவிட அவ்வளவு நைசு. அப்படிப்பட்ட மணலை அலை சீக்கிரம் இழுத்துக்கொண்டு போய்விடும். வேறு இடத்தில் எடுக்கச் சொன்னோம். தூரம் கூடியதால் செலவும் கூடியது. அதில் குழுவுக்கு வருத்தமில்லை.

முன்வரிசை உறுப்பினர்கள் சிலர் புது மணலில் வேலி போடலாமா என்று கேட்டிருக்கிறார்கள். முடியாது. பொதுப்பணத்தில் உருவான கரை பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்பது மானியத்தின் நிபந்தனை. நடைபாதையும் வாகன நிறுத்தமும் அதற்காகவே. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில், நிரப்பிய மணல் யாருக்கு என்ற இதே போன்ற விவகாரம் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை போய், 2010-இல் வீட்டு உரிமையாளர்கள் தோற்றார்கள்.

அடுத்தது பராமரிப்பு. நிரப்பிய மணல் நிரந்தரமாக நிற்காது. சில ஆண்டுகளில் மறுபடி நிரப்பத்தான் வேண்டும். நெதர்லாந்து 1990 முதல் கரையை இருந்த இடத்திலேயே நிறுத்துவதைத் தேசிய அரசின் பொறுப்பாக எடுத்துக்கொண்டது. எல்லா ஊருக்கும் அந்த யோகம் இல்லை. அமெரிக்கச் சட்டத்தில் மத்திய அரசின் பங்கு முதல் முறை 65 சதவீதம். பிற்காலத்தில் ஒப்புதல் பெற்ற திட்டங்களில் மறுநிரப்பலுக்கு அது 50 ஆகக் குறைகிறது. திறப்பு விழா உள்ள வேலைக்கு அள்ளிக் கொடுப்பவர்கள் பராமரிப்புக்குக் கையைச் சுருக்குவது எங்கும் உள்ள வழக்கம்தான்.

எனவே விடுதி வரியில் ஒரு பகுதியைத் தனிக் கணக்கில் ஒதுக்க நகராட்சியிடம் எழுத்துப்பூர்வமாகச் சம்மதம் வாங்கியிருக்கிறோம். சாலைக்கோ விளக்குக்கோ அந்தப் பணத்தைத் திருப்பக் கூடாது.

புயல் பருவம் முடிந்ததும் கரையை மறுபடி அளப்பார்கள். அந்த அளவும் வரவு செலவுப் பட்டியலும் அடுத்த பொதுக்கூட்டத்துக்கு முன் உங்கள் கைக்கு வரும். ஆட்சேபம் இருந்தால் எழுத்தில் கொடுங்கள்.

குழுவினர்