பெயர் தெரியாத பங்காளிக்கு

அண்ணே,

உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. என் பெயரும் உங்களுக்குத் தெரியாது. ஆறு வருஷமாக வாரத்தில் மூணு நாலு நாள் ஒரே குவாட்டரை ரெண்டு பேரும் பாதி பாதியாகக் குடித்திருக்கிறோம், ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. சட்டைப்பையில் குத்தி வைத்திருந்த கோணூசியைப் பார்த்து, நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தைக்கிறவர் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். என் மேல் அடிக்கிற பூச்சிமருந்து வாடையை வைத்து, உரக்கடையில் கணக்கு எழுதுகிறவன் என்று நீங்களும் ஊகித்திருப்பீர்கள்.

குடிக்காதவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் 'கட்டிங்' என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். முழுக் குவாட்டருக்குக் கையில் காசு இருக்காது, அல்லது முழுசாகக் குடிக்க மனசு வராது. டாஸ்மாக் கடை வாசலில் நிற்கிறவர்களில் ஒருவர் முகத்தைப் பார்த்து, "அண்ணே, கட்டிங் போடலாமா?" என்று கேட்க வேண்டியது. சாதி, ஊர் எதுவும் கேட்பதில்லை. 180 மில்லியை ஆளுக்கு 90. ஒரு வாட்டர் பாக்கெட், ரெண்டு பிளாஸ்டிக் டம்ளர், மிளகாய்த்தூள் தூவிய மாங்காய்க் கீற்று. நம்முடைய சட்டம் ஒன்றுதான்: ஊற்றுகிறவன் ஒருவன், முதலில் டம்ளரை எடுக்கிறவன் மற்றவன். அதனால் ஊற்றுகிறவன் கண்ணை டம்ளரை விட்டு எடுக்க மாட்டான். தண்ணீர் குறைந்த வருஷத்தில் வாய்க்காலில் முறை வைத்துப் பாய்ச்சுகிற நேர்மையை நான் அந்த பார் மேஜையில்தான் மிச்சம் பார்த்தேன். வயலில் அது எப்போதோ போய்விட்டது.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காக முதலில் பாரை மூடினார்கள். 24-ம் தேதி சாயங்காலம் ஆறு மணியோடு 144 தடை உத்தரவு. அன்றைக்கு மதியம் குடமுருட்டிக் கரையில் நின்றபடி குடித்தோமே, அதுதான் கடைசி.

மே 7-ம் தேதி கடையைத் திறந்தபோது உங்களைத் தேடினேன். அரசாங்கம் நம்மை வயசு வைத்துப் பிரித்துவிட்டது. ஐம்பதுக்கு மேலே காலை பத்திலிருந்து ஒன்று. நாற்பதிலிருந்து ஐம்பது வரை ஒன்றிலிருந்து மூன்று. அதற்குக் கீழே மூன்றிலிருந்து ஐந்து. நான் நாற்பத்து மூன்று. நீங்கள் எப்படியும் ஐம்பத்தைந்து இருப்பீர்கள். நீங்கள் வாங்கிப் போன பிறகுதான் எனக்கு வரிசையில் இடம். மறுநாளே உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. 15-ம் தேதி உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. 16-ம் தேதி கலர் கலராக டோக்கன், கடைக்கு ஒரு நாளைக்கு 500 பேர். குவாட்டருக்குப் பத்து ரூபாய் ஏற்றியிருந்தார்கள். சவுக்குக் கழி கட்டி, ஆளுக்கொரு வட்டம் போட்டு, அதற்குள் நிற்க வைத்தார்கள். வட்டத்துக்குள் நிற்கிறவனிடம் போய் "கட்டிங் போடலாமா?" என்று எப்படிக் கேட்பது? அவன் டம்ளரைத் தொடுகிற தூரத்தில் போனாலே முறைக்கிறான்.

அன்றைக்குத்தான் முதல்முறையாக முழுக் குவாட்டர் வாங்கினேன். ஒன்றல்ல, ரெண்டு. நாளைக்கு மறுபடி மூடிவிட்டால்?

இவ்வளவு வருஷத்தில் எங்கள் வீட்டுக்குள் பாட்டில் வந்ததில்லை. வந்தது. அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தேன், ஒருநாள் கூடத் தாங்கவில்லை, மனைவி கண்டுபிடித்துவிட்டாள். மகள் ஒரே போனை வைத்துக்கொண்டு கூடத்தில் ஆன்லைன் வகுப்பில் இருப்பாள், நான் கொல்லையில் எவர்சில்வர் டம்ளரோடு இருப்பேன். எவர்சில்வரில் அளவு தெரியாது அண்ணே. பாதியில் நிறுத்த எதிரே ஆளும் கிடையாது. 90 மில்லிக்காரன் 180 மில்லிக்காரன் ஆனது அப்படித்தான். மனைவி சொன்னாள்: "பாருக்குப் போனா ஒரு மணி நேரத்துல அந்தக் கருமம் முடிஞ்சிடும். இப்ப நாள் பூரா வீட்டுலயே உக்காந்திருக்கு."

பாரைப் புகழவில்லை. மூத்திர நாற்றமும் ஈயும் மொய்க்கும் இடம். கூலி முழுவதையும் அங்கேயே வைத்துவிட்டுப் போனவர்களை நாம் பார்த்திருக்கிறோம். மூடியிருந்த நாட்களில் எங்கள் தெருவில் பாதிப் பேர் சும்மாவே இருந்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. இன்னொருவர் கை நடுங்கி, சுவரில் பூரான் ஏறுகிறது என்று கத்த, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனோம்.

2021-ம் வருஷக் கூத்து தனி. ஜூன் 12-ம் தேதி மேட்டூர் அணையைத் திறந்தார்கள். 14-ம் தேதி 27 மாவட்டத்தில் கடையைத் திறந்தார்கள். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை நாலும் தொற்று அதிகம் என்று மூடியே கிடந்தன. தண்ணீர் மேற்கிலிருந்து கிழக்கே வந்துகொண்டிருக்க, நம் ஆட்கள் வண்டியை எடுத்துக்கொண்டு வடக்கே நீலத்தநல்லூர் பாலம் ஏறி அரியலூர் பக்கம் போனார்கள். போனவன் தனக்கு மட்டுமா வாங்குவான்? வந்து விலை வைத்து விற்றான். வாங்கினவர்களில் நானும் ஒருத்தன், மறைக்கவில்லை.

ஜூலை 5-ல் நம் பக்கமும் திறந்தாயிற்று. பார் மட்டும் பூட்டியே கிடந்தது. அதனால் அப்போது வரப்பு, மதகு, கருமாதிக் கொட்டகை எல்லாமே பார் ஆகிவிட்டன. பாரை ஏலம் எடுத்தவருக்குக் காலி பாட்டிலிலும் காசு இருந்ததால், அங்கே ஒரு பாட்டிலும் தரையில் தங்கியதில்லை. வரப்பில் பொறுக்க யாரும் இருக்கவில்லை. உடைத்துவிட்டுப் போனான்கள். அந்தக் குறுவை நடவில் ஒரு அம்மாவுக்குப் பாதத்தில் ஏறிவிட்டது. சேற்றுக்குள் கண்ணாடி தெரியுமா? நடவை நிறுத்தி, துணியைக் கிழித்துக் கட்டி, டிவிஎஸ் ஃபிஃப்டியில் உட்கார வைத்துக் கொண்டுபோனது நான்தான். வழியெல்லாம் அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. பொதுவாக ஆம்பளைகளைத் திட்டிக்கொண்டு வந்தார்.

கொள்முதல் நிலையத்தில் உங்களை விசாரித்தேன். பெயர் சொல்லத் தெரியாமல், "கோணூசி வெச்சிருப்பாரே, இடது புருவத்துல வெட்டு" என்றேன். ஒருத்தர் திருக்கருகாவூர்ப் பக்கம் என்றார், ஒருத்தர் மெலட்டூர் என்றார். மூன்றாவது ஆள், "அவரா? ரொம்ப நாளா ஆளையே காணோமே" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

குறுவை அறுப்பு வந்ததும் மூட்டை தைக்க ஆள் வேண்டுமல்லவா, அப்போது மறுபடி வந்து பார்க்கிறேன். முறைப்படி இந்தத் தடவை ஊற்ற வேண்டியது நான், எடுக்க வேண்டியது நீங்கள்.

இப்படிக்கு,
உரக்கடைக்காரன்