வால்பாறைக்குக் கிளம்பும் முன் செல்விக்கு

பொள்ளாச்சி
ஞாயிறு, மதியம்

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. அம்மாவை இடுப்பு வலிக்காக டாக்டரிடம் அழைத்துப் போய் வருவதிலேயே நாட்கள் ஓடிவிட்டன. இப்போது தேவலை. கைத்தடி இல்லாமல் வாசல்வரை நடக்கிறார். அண்ணன் ஓய்வு பெற்றதும் முதல் பயணமே எங்கள் பக்கம்தான் என்று நீ எழுதியிருந்ததை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "செல்விக்கு இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் பிடிக்குமே" என்றார். எத்தனை வருடம் கழித்தும் அது ஞாபகம் இருக்கிறது பார். இங்கே மழை நன்றாகப் பெய்திருக்கிறது. செப்டம்பர் கடைசியில் வந்தீர்கள் என்றால் மலை முழுக்கப் பச்சையாக இருக்கும், மழையும் கொஞ்சம் அடங்கியிருக்கும்.

சரி, உன் மகன் கதிர் விஷயத்துக்கு வருகிறேன். புதிதாக வாங்கிய சின்ன கேமராவைக் கார் பானெட்டில் ஒட்டி, ஆழியாறிலிருந்து வால்பாறை வரை 40 கொண்டை ஊசி வளைவுகளையும் படம் பிடிக்கப் போகிறான், எப்படி ஒட்டுவது என்று கேட்டிருக்கிறாய். எங்கள் ஸ்டுடியோவில் கல்யாணப் படம் எடுக்கும் வேலை இல்லாத மாதங்களில் நாங்கள் காரில் கேமரா கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவோம் என்பது உனக்குத் தெரியும். அதனால் இது எனக்குப் பிடித்த பேச்சு. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில், பானெட் வேண்டாம். அது மெல்லிய தகடு. அடியில் எஞ்சின் ஓடும்போது கண்ணுக்குத் தெரியாமல் நடுங்கிக்கொண்டே இருக்கும். இந்தச் சின்ன கேமராக்கள் ஒரு படத்தை ஒரே கணத்தில் முழுதாக எடுப்பதில்லை. மேலிருந்து கீழாக வரிவரியாகத்தான் பதிவு செய்கின்றன. கடைசி வரி பதிவாவதற்குள் நடுக்கத்தில் கேமரா நகர்ந்துவிட்டால், நேராக நிற்கும் மின்கம்பம் படத்தில் நெளிநெளியாக ஆடும். பிறகு எந்த மென்பொருளில் போட்டாலும் அது முழுதாகச் சரியாகாது. இன்னொன்று, வழியில் குரங்கருவி இருக்கிறது. அங்கே காரை நிறுத்திவிட்டு இறங்கினால், வெளியே ஒட்டியிருக்கும் எதையும் குரங்குகள் விட்டுவைக்காது. இதையெல்லாம்விட எனக்குப் பெரிய கவலை, கேமரா கழன்று விழுந்தால் பின்னால் டூவீலரில் வருகிறவர் மேல் படலாம் என்பதுதான். எவ்வளவு நல்ல காட்சியும் அதற்கு ஈடாகாது.

உள்ளேயே வையுங்கள். முன் கண்ணாடியின் மேல்பகுதியில், பின்பக்கம் பார்க்கும் கண்ணாடிக்கு இடப்புறம், அண்ணன் பார்வையை மறைக்காத இடம். அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் ரப்பர் கிண்ணம் வைத்த உறிஞ்சு பிடிப்பான் கண்ணாடியில்தான் நன்றாக நிற்கும். டாஷ்போர்டின் சொரசொரப்பான பிளாஸ்டிக்கில் காற்று உள்ளே புகுந்துவிடும். ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த பிறகு ஒட்டச் சொல். அதைப் பிடித்து வைத்திருப்பது வெளியே இருக்கும் காற்றின் அழுத்தம்தான். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ என்றால், 9 சென்டிமீட்டர் அகலமான பிடிப்பானுக்கு உள்ளே காற்றே இல்லாதபோது கணக்குப்படி 60 கிலோவுக்கு மேல் வரும். நடைமுறையில் அவ்வளவு கிடைக்காது. மேலே ஏற ஏற வெளிக்காற்றும் மெலியும். வால்பாறை சுமார் 3,500 அடிதான் என்பதால் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அடுத்த வருடம் கதிர் நண்பர்களோடு லடாக் போகிறான் என்று எழுதியிருந்தாயே, அங்கே இருக்கும் கர்துங் லா கணவாய் 5,359 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ பாதிதான். உறிஞ்சு பிடிப்பானை மட்டும் நம்பிப் போகக் கூடாது. எதற்கும் ஒரு மெல்லிய கயிற்றால் கேமராவைக் காரோடு கட்டிவிட வேண்டும். வால்பாறைக்கும் கட்டட்டும்.

லடாக்குக்கு பைக்கில் போவதாக இருந்தால் போனை ஹேண்டில்பாரில் மாட்டிப் படம் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவை. பெரிய எஞ்சின் பைக்குகளின் அதிர்வு, போன் கேமராவுக்குள் ஆட்டத்தைச் சமன்செய்யும் நுட்பமான பாகங்களைக் கெடுக்கக்கூடும் என்று 2021-ல் ஆப்பிள் நிறுவனமே ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு அறிவித்திருக்கிறது.

கண்ணாடிக்கு உள்ளிருந்து எடுத்தால் டாஷ்போர்டின் பிம்பம் கண்ணாடியில் விழுந்து படத்தில் தெரியும். அதற்கு எளிய வழி, பளபளப்பில்லாத கறுப்புத் துணி ஒன்றை டாஷ்போர்டின் மேல் விரித்துவிடுவது. லென்ஸின் முன்னால் மாட்டும், பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் பில்டர் போட்டாலும் குறையும். ஆனால் அதே பில்டரோடு பக்கக் கண்ணாடி வழியாக எடுத்தால் கண்ணாடியில் திட்டுத்திட்டாகக் கறைகள் தெரியும். சூடாக்கி உறுதியேற்றிய கண்ணாடிக்கு அந்தக் குணம் உண்டு. அப்புறம், ஏறும்போது ஏசியை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறந்து வையுங்கள். குளிர்ந்த கேமராவின் மேல் ஈரக்காற்று பட்டால் லென்ஸ் பனித்துவிடும்.

வளைவுகளில் ஒரு விஷயத்தைக் கவனிக்கச் சொல். இப்போது வரும் கேமராக்களில் ஆட்டத்தைக் குறைக்கும் வசதி மிக நன்றாக இருக்கிறது. ஆனால் காருக்குள் ஒட்டிய கேமராவில் அதை முழு அளவில் வைத்தால், கொண்டை ஊசி வளைவில் கார் திரும்பும்போது கேமரா அதையும் ஆட்டம் என்றே எடுத்துக்கொண்டு, வெளிக்காட்சியை அசையாமல் பிடித்துவைக்கப் பார்க்கும். அப்போது டாஷ்போர்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வழுக்கிக்கொண்டு போவது போலத் தெரியும், பார்க்கிறவர்களுக்குத் தலை சுற்றும். மலைப்பாதையில் அந்த வசதியைக் குறைந்த அளவில் வைப்பதே நல்லது.

இவ்வளவும் முன்பக்கக் கேமராவுக்கு. ஆனால் என் மனதில் இருப்பதைச் சொல்கிறேன் செல்வி, முன்பக்கக் கேமராவில் கிடைப்பது சாலை மட்டும்தான். ஒவ்வொரு வளைவிலும் பாறைச் சுவர் ஒன்று குறுக்கே சுழன்று போகும், அவ்வளவே. அகலமான லென்ஸில் ஏற்றமும் சமதளமாகிவிடும். மலை ஏறுகிற உணர்வே வராது. நீங்கள் அந்தப் பாதையில் கண்டு வாய்பிளக்கப் போவதெல்லாம் பக்கவாட்டில் இருக்கிறது. 9-வது வளைவில் காட்சிமுனை இருக்கிறது. நின்று பார்த்தால் ஆழியாறு அணை கீழே விரிந்து கிடக்கும். மேலே போனால் தேயிலைத் தோட்டங்கள், கூடையோடு நிற்கும் பெண்கள், பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பள்ளிப் பிள்ளைகள். நாம் இடதுபக்கம் ஓட்டுகிறோம் என்பதால் இடப்பக்க ஜன்னலுக்குத்தான் இவர்கள் எல்லோரும் அருகில் வருவார்கள். அதனால் கேமராவைப் பின்சீட்டின் இடப்பக்க ஜன்னலில், கொஞ்சம் முன்னோக்கிச் சாய்த்து வைக்கச் சொல். படத்தின் ஓரத்தில் கதவின் விளிம்பு கொஞ்சம் தெரிந்தால் நல்லது. நாம் காருக்குள் இருந்து பார்க்கிறோம் என்பது அதில்தான் புரியும்.

இதைவிட முக்கியமாக ஒன்று. தஞ்சாவூரிலிருந்து வரும் வழி முழுதும், ஊர்களுக்குள் நுழையும் இடங்களில் எல்லாம் கேமராவை ஓடவிடுங்கள். கடைத்தெரு, பஸ் ஸ்டாண்ட், சாலையோர மரங்கள், எல்லாம். எல்லோரும் மலையைத்தான் எடுக்கிறார்கள். மலை அங்கேயே இருக்கும். கோவையிலிருந்து பொள்ளாச்சி வரும் சாலையில் இரண்டு பக்கமும் நின்ற புளியமரங்கள் உனக்கு ஞாபகம் இருக்கும். காலேஜ் நாட்களில் பஸ்ஸில் வரும்போது வெயிலே தெரியாமல் வருவோம். சாலையை நாலு வழியாக்கியபோது அவற்றை வெட்டிவிட்டார்கள். அந்த நிழலுக்குள் ஓடும் ஒரு பஸ்ஸின் ஜன்னலிலிருந்து எடுத்த ஐந்து நிமிடப் படம் யாரிடமாவது இருந்தால், நான் அதற்காக எவ்வளவு தூரமும் போவேன்.

சான் பிரான்சிஸ்கோவில் இப்படி ஒன்று நடந்திருக்கிறது. 1906 ஏப்ரலில் மைல்ஸ் சகோதரர்கள் என்பவர்கள் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் ஓடிய கேபிள் காரின், அதாவது தெருவுக்கு அடியில் ஓடும் கம்பி இழுத்துப்போகும் டிராம் போன்ற வண்டியின், முன்னால் கேமராவை வைத்துத் தெருவைப் படம் பிடித்தார்கள். குதிரை வண்டிகள், புதிதாக வந்த மோட்டார் கார்கள், குறுக்கே ஓடும் பையன்கள் எல்லாம் அதில் இருக்கிறார்கள். ஏப்ரல் 18 அன்று நிலநடுக்கம் வந்தது, அதைத் தொடர்ந்து தீயும் பரவி, அந்தத் தெருவில் பெரும்பகுதி அழிந்தது. படம் எடுத்தது அதற்குச் சில நாட்கள் முன்புதான் என்பதை, அதில் தெரியும் கார்களின் நம்பர் பிளேட்டுகளை வைத்தும்கூடப் பிற்பாடு ஆராய்ந்து கண்டுபிடித்திருக்கிறார்கள். எடுத்தவர்களுக்கு அது சாதாரணத் தெரு. இன்றைக்கு அந்த நகரம் எப்படி இருந்தது என்று காட்ட அதுதான் இருக்கிறது. இதைக் கதிரிடம் அவசியம் சொல்.

சத்தத்தையும் விட்டுவிடாதீர்கள். எல்லோரும் காட்சிக்கு மேல் பாட்டைப் போட்டுவிடுகிறார்கள். பாட்டு எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும். நீயும் அண்ணனும் வழியில் பேசுவது கிடைக்குமா? ஜன்னல் திறந்திருந்தால் காற்று மைக்கை அறைந்துவிடும் என்பதால், போனில் ஒலிப்பதிவைப் போட்டுக் காரின் உள்ளே காற்று படாத இடத்தில் வைத்துவிடுங்கள். பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

மெமரி கார்டு பெரிதாக வாங்கட்டும். 4கே தரத்தில், வினாடிக்கு 100 மெகாபிட் என்று வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி போய்விடும். கேமராவை இயக்குவது பின்சீட்டில் இருக்கும் கதிர் மட்டும். ஓட்டுகிறவர் கை அதன் பக்கமே போகக் கூடாது.

வால்பாறையிலிருந்து மலக்கப்பாறை வழியாக அதிரப்பள்ளிக்கு இறங்கப் போவதாக எழுதியிருக்கிறாய். அது யானைக்காடு. 2022 நவம்பரில் அந்தப் பாதையில் ஒரு தனியார் பஸ்ஸை யானை விரட்டி வர, டிரைவர் சுமார் 8 கிலோமீட்டர் பின்னோக்கியே ஓட்டி எல்லோரையும் காப்பாற்றினார். யானை கண்ணில் பட்டால் படத்துக்காக நிறுத்த வேண்டாம், இறங்கவே வேண்டாம். இதை அண்ணனிடம் நான் போனிலும் சொல்கிறேன்.

முதல்நாள் ராத்திரி இங்கே தங்கிவிடுங்கள். ஆழியாறு சோதனைச் சாவடியில் காலை வெயிலுக்கு முன்பே இருந்தால் கூட்டம் இருக்காது, வெளிச்சமும் நன்றாக இருக்கும். எங்களிடம் இரண்டு பிடிப்பான்கள் இருக்கின்றன, வாங்க வேண்டாம். கதிரின் கேமரா எந்த மாடல் என்று மட்டும் எழுதச் சொல், அதற்குப் பொருந்துகிற மாதிரி எடுத்து வைக்கிறேன். தேதி முடிவானதும் சொல்.

அன்புடன்,
உன் மைதிலி