உளுந்து காயப்போட்ட அக்காவுக்கும் அந்த ஊருக்கும்

விளாத்திகுளத்தைத் தாண்டி உள்ளே போகும் ரோட்டோரத்து ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் வணக்கம். எங்கள் கார் கவிழ்ந்த அன்றைக்கு ஓடி வந்து தூக்கிவிட்ட உங்களுக்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஊர்ப் பெயரை எழுதவில்லை. "பேரு வந்தா போலீசு வரும் யய்யா" என்று அக்கா சொல்லிவிட்டார்கள். வராது என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. சரி, உங்கள் இஷ்டம். இதை யாராவது வாசித்துக் காட்டும்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.

2025 பிப்ரவரி 26, மாசி சிவராத்திரி. குலதெய்வம் கும்பிட சென்னையிலிருந்து விடியும் முன்னே கிளம்பினோம். காரில் நான், மனைவி, ஒன்பது வயது மகள், அம்மா. டிக்கியில் காலைக் கட்டிப் போட்ட சேவல் ஒன்று, எட்டயபுரத்தில் வாங்கியது.

நாள் முழுக்க நாலுவழிச் சாலையில் நூறில் வந்த கால் அது. எட்டயபுரத்தில் திரும்பியதும் ரோடு மாறிவிட்டது, கால் மாறவில்லை. எழுபதில் போவது எனக்கு ஊர்ந்து போவது போல இருந்தது. விளாத்திகுளம் தாண்டி உள்ரோட்டில் இறங்கியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. இருட்டும் இல்லை, வெளிச்சமும் இல்லை. ஹெட்லைட் போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான் என்கிற நேரம். இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம் ரோட்டுக்குள் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு வளைவு திரும்பியதும், என் பக்கத்துப் பாதி ரோட்டில் உளுந்துச் செடி குவிந்து கிடந்தது, சுற்றிலும் அண்டைக்குக் கல் வைத்து.

வலது பக்கம் ஏறி விலகினேன். எதிரே லைட் இல்லாத பைக். மறுபடி இடது பக்கம் ஒடித்து, உளுந்துச் செடி மேலேயே பிரேக்கை மிதித்தேன். காய்ந்த செடி மேல் டயர் எதைப் பிடிக்கும்? சறுக்கிக்கொண்டு போய் இடது சக்கரங்கள் தாரை விட்டு இறங்கின. கரிசல் பூமி மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். அதனால் தார் ஒரு மட்டத்திலும் ஓரத்து மண் ஒரு சாண் பள்ளத்திலும் கிடக்கும். அந்த ஊர்ப் பக்கம் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாத விஷயமா? பதறாமல், ஓரத்திலேயே ஓடவிட்டு, வேகம் குறைந்த பிறகு மெதுவாக மேலே ஏற்றியிருக்க வேண்டும். நான் ஸ்டியரிங்கைச் சடாரென்று வலது பக்கம் வெட்டினேன். கார் தாரைத் தொட்டதும் துள்ளி, ரோட்டைக் குறுக்கே கடந்து, வறண்ட ஓடைக்குள் வலது பக்கமாகச் சாய்ந்தது.

முன்னால் நாங்கள் இரண்டு பேரும் பெல்ட் போட்டிருந்தோம். மகளும் போட்டிருந்தாள். அம்மா போடவில்லை. "பின்னால உக்காருறவளுக்கு எதுக்குடா இது, கழுத்த அறுக்கு" என்றாள், நானும் விட்டுவிட்டேன். அந்த ஒரு பேச்சுக்குப் பேசாமல் இருந்ததை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது. சத்தமெல்லாம் அடங்கிய பிறகு மகள் பெல்ட்டில் தொங்கிக்கொண்டே, "அப்பா, ஆச்சி பேசல" என்றாள்.

எதிரே பைக்கில் வந்த தம்பி, நீ நின்றிருக்கவே வேண்டாம். லைட் இல்லாத வண்டி, யாரும் பார்க்கவில்லை, திரும்பிப் பார்க்காமல் போயிருந்தால் உன்னை யாரும் தேடியிருக்க முடியாது. நீதான் முதலில் ஓடைக்குள் குதித்தாய். "சாவிய அணைங்கண்ணே" என்று கத்திக்கொண்டே காரின் மேல் ஏறி, இடது பக்கக் கதவைத் தூக்கி என் மகளை வெளியே எடுத்தாய். 108க்கு நான் போன் போட்டபோது எந்த இடம் என்று கேட்டார்கள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை, அதற்குள் சிக்னலும் போய்விட்டது. போனைப் பிடுங்கிக்கொண்டு கண்மாய்க் கரை மேல் ஏறி நின்று வழி சொன்னதும் நீதான். அப்புறம் ஊருக்கு ரோடு பிரியும் விலக்கு வரைக்கும் போய் நின்று ஆம்புலன்ஸை முன்னால் கூட்டிக்கொண்டு வந்தாயாமே. 2008இலிருந்து 108 ஓடுகிறது, ஆனால் உள்ளூர் ஆள் ஒருவர் விலக்கில் நிற்காவிட்டால் அந்த மாதிரி ரோட்டில் ஓடையைத் தேடியே கால் மணி நேரம் போயிருக்கும்.

அதற்குள் ஊரே வந்துவிட்டது. யாரும் சொல்லாமலே இரண்டு பேர் கருவேல முள்ளை வெட்டி ரோட்டில் ரெண்டு பக்கமும் தள்ளித் தள்ளிப் போட்டார்கள், அடுத்த வண்டி வந்து ஏறிவிடக் கூடாது என்று. பெட்ரோல் வாடை அடித்ததும் ஒரு பெரியவர், "எவனும் பீடியப் பத்த வச்சிராதீங்கடே" என்று அதட்டினார். அம்மாவைக் கையைப் பிடித்து இழுக்கப் போனவர்களை, கூட்டத்தில் இருந்த ஒரு நர்ஸம்மா தடுத்தார்கள். அவர்கள் சொன்னது அப்படியே நினைவில் இருக்கிறது: "மடக்காதீங்க, உக்கார வைக்காதீங்க, தண்ணி கொடுக்காதீங்க. முதுகெலும்பு எப்படி இருக்கோ தெரியாது. ஆபரேஷன் பண்ண வேண்டி வரும்." செம்போடு நின்றவர் அப்படியே பின்வாங்கிவிட்டார்.

டிக்கியை நெம்பித் திறந்தார்கள். முதலில் வெளியே வந்தது சேவல்தான். அப்புறம் பின்சீட்டின் முதுகைச் சாய்த்து, உள்ளே ஒரு மரக்கதவை நுழைத்தார்கள். யார் வீட்டுக் கதவோ, கொண்டி கூட அதிலேயே தொங்கியது. அதில் படுத்தபடியே, கழுத்துக்கு ரெண்டு பக்கமும் துண்டைச் சுருட்டி வைத்து, ஆறு பேர் சேர்ந்து அம்மாவை ஓடையிலிருந்து மேலே ஏற்றினீர்கள். நிலா இல்லாத ராத்திரி, செல்போன் வெளிச்சத்தில். ஆம்புலன்ஸில் வந்த தம்பி கழுத்துப் பட்டையை மாட்டிக்கொண்டே, "நல்லா தூக்கியிருக்காங்க சார்" என்று ஒரு வார்த்தை சொன்னார். தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு டாக்டரும் அதையேதான் கேட்டார், யார் தூக்கியது என்று. காறை எலும்பும் இடுப்பும் முறிந்திருந்தன, தண்டுவடம் தப்பித்தது. 2021 டிசம்பரில் ஆரம்பித்த 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு எங்களிடம் ஒரு பைசா கேட்கவில்லை. அந்த வார்டில் இருந்த எல்லோருக்கும் நன்றி, முக்கியமாக ராத்திரி ரெண்டு மணிக்கு மகளுக்குப் பன்னும் பாலும் வாங்கிக் கொடுத்த துப்புரவுத் தொழிலாளி அம்மாவுக்கு.

அன்றைக்கு உங்களுக்கும் சிவராத்திரிதான். ஆளுக்கொரு குலதெய்வம் இருந்திருக்கும். கோவிலில் வில்லுப்பாட்டு நடந்துகொண்டிருந்தபோது மூன்று பையன்கள் விடிய விடிய என் காருக்குக் காவல் இருந்தார்களாம். காலையில் என் மச்சான் போய்ப் பார்த்தபோது அம்மாவின் சங்கிலி, என் பர்ஸ், மகளின் ஒற்றைச் செருப்பு எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கட்டி வைத்திருந்தார்கள். இன்சூரன்ஸ்காரர் போட்டோ எடுக்கும் வரை வண்டியை நகர்த்த விடவும் இல்லை.

இனி அக்காவுக்கு.

நீங்கள் அன்றைக்கு அம்மாவின் தலைமாட்டிலேயே உட்கார்ந்து, "பதறாத தாயி, பதறாத" என்று நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தீர்கள். அந்த உளுந்து உங்களுடையது என்று எனக்கு அப்போது தெரியாது. பத்து நாள் கழித்து நான் வந்தபோது வீட்டுக்குள் போய் ஒளிந்துகொண்டீர்கள். கேஸ் போட வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டீர்கள். அக்கா, இதை எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதுவதே அதற்காகத்தான். ஸ்டேஷனிலும் இன்சூரன்ஸ் படிவத்திலும் நடந்ததை நடந்தபடி எழுதினேன்: ரோட்டில் பயிர் கிடந்தது, நான் வேகமாக வந்தேன். உங்கள் மேல் புகார் எதுவும் கொடுக்கவில்லை, கொடுக்கவும் மாட்டேன். உறவுக்காரர்கள் சிலர் சும்மா விடாதே என்றார்கள். நாற்பதில் வந்திருந்தால் குவியலுக்கு முன்னால் நின்றிருப்பேன் என்பது அவர்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

தூக்கிவிட வந்த மற்றவர்களும் பயப்பட வேண்டாம். உதவி செய்தவரை மிரட்டக் கூடாது, பெயரைச் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2016 மார்ச்சிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ பிரிவாகச் சேர்த்துவிட்டார்கள். ஸ்டேஷன் ஏட்டய்யாவும் பைக் தம்பியிடம், "நீ போடா, உன்ன யாரு கேட்டா" என்றுதான் அனுப்பினார். (தம்பி, அந்த ஹெட்லைட்டை மட்டும் மாட்டிவிடு. மாட்டியதும் போட்டோ அனுப்பு.)

பத்து நாள் கழித்து வந்தபோது உங்கள் ஊர்க் களத்தையும் பார்த்துவிட்டு வந்தேன். சிமென்ட் பெயர்ந்து, பாதியில் எருக்கு முளைத்துக் கிடக்கிறது. வெறும் கரிசலில் போட்டால் பயறோடு மண்ணும் சேர்ந்து வரும். தார் ரோடு சுடும், சுத்தமாக இருக்கும், போகிற வண்டி கூலி கேட்காமல் அடித்துக் கொடுக்கும். இது எனக்குப் புரிகிறது. ஆனால் வளைவில் போடாதீர்கள் அக்கா. பொழுது இறங்கும் முன்னே அந்தக் கல்லையாவது எடுத்துவிடுங்கள். களத்தைச் சரிசெய்யச் சொல்லி ஊராட்சிக்கு மனு எழுதித் தந்திருக்கிறேன், கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுங்கள்.

கார் ஏறி நசுங்கிய உளுந்துக்குக் காசு கொடுக்க வந்தேன். "வண்டி ஏறத்தான யய்யா போட்டது" என்று சிரித்துவிட்டீர்கள். சாமிக்கு என்று வாங்கிய சேவலை இனி அறுக்கக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டதால் அதை உங்களிடமே விட்டுவிட்டு வந்தோம். அம்மா இப்போது வாக்கர் பிடித்து வாசல் வரைக்கும் நடக்கிறாள். போன வாரம் போனில் அவளிடம் நீங்கள், "ஒங்க சேவலு ஏன் உளுந்தப் பூரா கொத்துது, வந்து பிடிச்சிட்டுப் போங்க" என்று சண்டை போட்டது எனக்கும் கேட்டது.

வர்றோம் அக்கா. பகலிலேயே வர்றோம்.