அப்பாவின் கண்ணாடியைத் தேடிக் கொடுத்த அக்காவுக்கு

அன்புள்ள எல்லோருக்கும், வணக்கம்.

அப்பா நேற்று சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிட்டார். திண்ணையில் உட்கார்ந்து அரை டம்ளர் காப்பி குடித்தார். பழவேற்காட்டு ஏரிச் சேற்றில் அன்று அப்பா விழுந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். அதை மறுபடி எழுத எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. நன்றியை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

அப்பாவைத் தோளில் சுமந்து கரை சேர்த்த மீனவத் தம்பிகள், பொன்னேரி வரை அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டு வந்த ஆம்புலன்ஸ் தம்பி, இரவெல்லாம் கண் மூடாத செவிலியர்கள், வேலூரில் ரத்தம் கொடுக்க வரிசையில் நின்ற அப்பாவின் பழைய மாணவர்கள், பிள்ளைகளுக்கு மூன்று வேளையும் சோறு போட்ட சத்துவாச்சாரி எதிர்வீட்டு அத்தை. உங்கள் ஒருவரையும் நாங்கள் மறக்க மாட்டோம். ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் வருகிறோம்.

ஆனால் இந்த மடலை நான் எழுத உட்கார்ந்ததே ஒரு அக்காவுக்காக. "என் பேரெல்லாம் போடாதம்மா" என்று சொல்லிவிட்டார், அதனால் போடவில்லை.

அப்பா எதற்காக அங்கே போக ஆசைப்பட்டார் என்பது அவரிடம் சரித்திரம் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். வேலூர்க் கோட்டை அகழியோரம் வகுப்பைக் கூட்டிப்போனால் பழவேற்காட்டைச் சொல்லாமல் முடிக்க மாட்டார். சந்திரகிரியிலும் நம் வேலூரிலும் இருந்து ஆண்ட இரண்டாம் வேங்கட ராயரின் காலத்தில்தான் டச்சுக்காரர்கள் அங்கே கால் ஊன்றினார்கள். 1613இல் அவர்களுடைய கெல்டிரியா கோட்டை எழுந்தது. இத்தனை வருடம் பாடம் சொன்ன மனிதர் அந்த ஊரை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. திருத்தணி, திருவள்ளூர் வழியாகப் போனோம். பெரியபாளையத்தில் ஆரணியாற்றைக் கடக்கும்போது பிள்ளைகள் "நம்ம ஆரணியா தாத்தா?" என்று கேட்க, இது வேறு, ஆந்திர மலையில் பிறந்து பழவேற்காடு ஏரியில் கலக்கிற ஆறு என்று பொறுமையாகச் சொன்னார். டச்சுக் கல்லறைத் தோட்டத்து வாசலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகளைக் காட்டினார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

2011 கிறிஸ்துமஸ் அன்று அங்கே நடந்த படகு விபத்து எங்களுக்கு நினைவிருந்தது. படகுப் பக்கமே போவதில்லை, கரையிலேயே நின்று பூநாரைகளைப் பார்த்துவிட்டுத் திரும்புவது என்றுதான் பேசி வைத்திருந்தோம். ஆபத்து தண்ணீரில்தான் இருக்கிறது என்று நினைத்துவிட்டோம். அந்த ஏரியில் தண்ணீர் பல இடங்களில் இடுப்பளவுகூட இல்லை. அடியில் இருக்கும் சேற்றைப் பற்றி எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அந்த அக்காதான் பிறகு விளக்கினார். சேற்றுக்குக் கீழே பழைய கிளிஞ்சல் படுகை இருக்கிறதாம். ஒரு காலத்தில் அது கடல் உள்ளே புகுந்து கிடந்த இடம். அலை ஒதுக்கிய மணல் மேடாகி, இன்று ஸ்ரீஹரிகோட்டா இருக்கும் நீளத் திட்டாகி, கடலைத் தடுத்துவிட்டது. அன்று வாழ்ந்த சிப்பிகள் அடியில் அப்படியே படிந்துவிட்டன. சுண்ணாம்புக்காக அதைத் தோண்டி எடுத்ததும் உண்டு. கிளிஞ்சல் கெட்டியாகக் கிடக்கும் இடத்தில் கால் நிற்கும், அது முடியும் இடத்தில் கால் போய்க்கொண்டே இருக்கும். மேலே பார்த்தால் இரண்டும் ஒரே கறுப்பு. அப்பாவைத் தூக்கப் போன தம்பிகள் நேராக ஓடாமல் வளைந்து வளைந்து போனார்களே, எதற்கு என்று அன்று எனக்குப் புரியவில்லை. கிளிஞ்சல் மேலேயே கால் வைத்துப் போயிருக்கிறார்கள்.

கரைக்கு வந்ததும் அப்பா செய்த முதல் காரியம் முகத்தைத் தடவிப் பார்த்ததுதான். கண்ணாடி இல்லை. "கண்ணாடி, கண்ணாடி" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். நான் "விடுங்கப்பா, புதுசு வாங்கிக்கலாம்" என்றேன். அது அம்மா இருக்கும்போது லாங்கு பஜாரில் பார்த்துப் பார்த்து எடுத்துக் கொடுத்த ஃபிரேம். பதினோரு வருடமாக லென்ஸை மட்டும் மாற்றிக்கொண்டு அதையே போடுகிறார். கூட்டத்தில் நின்ற ஒருவர் காதில் அது விழுந்திருக்கிறது. எங்களுக்குத் தெரியாது.

அவர்தான் இந்த அக்கா. ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கிறவர். பனையோலைப் பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவுகிற வேலை. அடுத்த நாள் தன் வழக்கமான இடத்தை விட்டுவிட்டு, அப்பா விழுந்த இடத்துக்குப் போய்த் தேடியிருக்கிறார். கிடைக்கவில்லை. அதற்கு மறுநாளும் போயிருக்கிறார். அங்கே இறால் அவ்வளவாகக் கிடைக்காது என்று பக்கத்து வீட்டுக்காரர்தான் சொன்னார், அக்கா சொல்லவில்லை. இரண்டு நாள் கூலி.

"றாலுன்னா துள்ளும். நண்டுன்னா கடிக்கும். கிளிஞ்சலு சொரசொரன்னு இருக்கும். இது ரெண்டு விரலுக்கு நடுவுல வழவழன்னு நின்னுச்சி. தாத்தாவோடதுதான்னு கண்ணால பாக்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிடுச்சி."

உப்பு பிடித்துவிடும் என்று நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசி, திருகு கழன்ற காலை வலை நூலால் கட்டி, கையால் முடைந்த சின்ன ஓலைப் பெட்டியில் பழந்துணி சுற்றி வைத்து, தம்பிகளிடம் எங்கள் நம்பரை வாங்கிக் கூப்பிட்டார். என் வீட்டுக்காரர் போய் வாங்கி வந்தார். பணத்தை நீட்டியதற்குக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாராம். அப்புறம், இங்கிருந்து கொண்டுபோன இலவம்பாடி முள்ளுக்கத்திரிக்காயையும் ஆற்காடு மக்கன் பேடாவையும் மட்டும் வாங்கிக்கொண்டார். அன்றைக்கு வைத்த இறால் குழம்பில் பாதியைத் தூக்கில் ஊற்றி அனுப்பிவிட்டார்.

வார்டில் மூன்று நாளாக அப்பா யார் வந்தாலும் குரலை வைத்துத்தான் பேசினார். கண்ணாடியை மாட்டிவிட்டதும் என்னைப் பார்த்து, "ஏன் இப்படி இளைச்சுட்டே?" என்றார். அதற்குமேல் நான் அடக்கவில்லை, அங்கேயே அழுதுவிட்டேன்.

"விடுங்கப்பா" என்று நான் சொன்னது இன்னும் உறுத்துகிறது. பெற்ற மகள் விட்டுவிட்ட ஒன்றை, முன்பின் தெரியாத ஒருவர் விடாமல் தேடியிருக்கிறார்.

அக்கா, உங்களுக்குப் படிக்க வராது, பேத்தி படித்துக் காட்டுவாள் என்றீர்கள். கண்ணு, இதைப் பாட்டிக்கு மெதுவாகப் படி. அடுத்த பூநாரைப் பருவத்தில் தாத்தாவைக் கூட்டிக்கொண்டு வருவோம். அவர் உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார். எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக் கூடாது என்று நீங்கள் கை காட்டும் இடத்தில்தான் கால் வைப்போம். நம் ஊரிலிருந்து அங்கே போகிற எல்லோருக்கும் இதைச் சொல்லிக்கொண்டே இருப்பேன்: ஏரிக்குள் இறங்காதீர்கள், கரையில் இருப்பவர்களிடம் முதலில் கேளுங்கள்.

இன்று காலை கண்ணாடிக் கடைக்காரர் புதுத் திருகு போட்டுத் தருகிறேன் என்றார். அப்பா வேண்டாம் என்றுவிட்டார். நீங்கள் போட்ட முடிச்சு அப்படியே இருக்கிறது.

அன்புடன்,
வாத்தியாரின் மகள்,
வேலூர்