சனிக்கிழமை இண்டர்வியூவுக்குப் போகும் தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சி,

ஷா ஆலாம் பக்கம் நீச்சல் டீச்சர் வேலைக்கு உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று உன் அம்மா பாசார் மாலாம் இரவுச் சந்தையில் என்னைப் பிடித்துச் சொன்னார். வேலை கிடைக்குமா என்பதைவிட, உடுப்பு எப்படி இருக்கும் என்பதுதான் அவருக்குப் பெரிய கவலை. கை முழுக்க மூடும் சட்டையும் கணுக்கால் வரை வரும் கால்சட்டையும் போட்டுக்கொண்டு எத்தனையோ டீச்சர்கள் குளத்தில் இறங்குகிறார்கள், வெயிலுக்கும் அதுதான் நல்லது என்று சொல்லிவிடு. இதைப் பொதுவில் எழுதக் காரணம், நம் தோட்டப் பக்கத்துப் பிள்ளைகள் வேறு யாராவது இந்த வேலையை நினைத்தால் அவர்களும் படிக்கட்டும் என்றுதான்.

நான் மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தவள். உன் ஃப்ரீஸ்டைலைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. நான்கு நீச்சலையும் போடச் சொல்வார்கள், கூவாக் டாடாவில், அதாவது தவளை நீச்சலில், காலை ஒழுங்காக உதைக்கிறாயா என்று பார்ப்பார்கள், உயிர்காப்புச் சான்றிதழையும் எஸ்பிகேகே என்ற தேசியப் பயிற்றுநர் சான்றிதழின் முதல் நிலையையும் கேட்பார்கள், அதெல்லாம் சீக்கிரம் முடிந்துவிடும். அப்புறம் மூன்று நான்கு பிள்ளைகளைக் கொடுத்து, பத்து நிமிடம் பாடம் நடத்து என்பார்கள் பார், வேலை கிடைப்பதும் கிடைக்காததும் அங்கேதான். நீ எவ்வளவு அழகாகச் சொல்லிக்கொடுக்கிறாய் என்று பார்ப்பதாக நினைக்காதே. உன் கண் எங்கே இருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள். ஒரு பிள்ளையின் காலைப் பிடித்துத் திருத்தும்போது மற்றப் பிள்ளைகள் முதுகுப் பக்கம் போய்விடுவார்கள், வந்தவர்களில் பாதிப் பேர் இதில்தான் கோட்டை விடுவார்கள். எல்லாப் பிள்ளைகளும் எப்போதும் உன் முன்னால் இருக்கிற மாதிரி நில், தலையை எண்ணிக்கொண்டே இரு.

மூழ்குகிறவர் கையை ஆட்டிக் கத்துவார் என்று சினிமா பார்த்து நினைத்துவிட்டோம். உண்மையில் சத்தமே வராது. உடம்பு செங்குத்தாக நிற்கும், தலை பின்னால் சாயும், வாய் தண்ணீர் மட்டத்தில் மேலும் கீழும் போய்வரும், 20 முதல் 60 விநாடிக்குள் ஆள் உள்ளே போய்விடுவார். அப்போது என்ன செய்வாய் என்று கேட்டால், உடனே குதிப்பேன் என்று மட்டும் சொல்லிவிடாதே. முதலில் கம்பை நீட்டு, எட்டாவிட்டால் மிதவையை வீசு, இரண்டுக்கும் வழியில்லை என்றால்தான் இறங்கு. வெளியே எடுத்தவரின் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது நம் ஊரில் இன்னும் நடக்கிறது, வேண்டவே வேண்டாம். 999க்கு அழைக்க ஒருவரை ஏவிவிட்டு, மூச்சு இல்லையென்றால் முதலில் வாயில் ஊதிக் காற்றுக் கொடு, அப்புறம் 30 முறை நெஞ்சை அமுக்கி 2 முறை ஊது, உதவி வரும்வரை இப்படியே.

இடி கேள்வியும் வரும். இங்கே மதியத்துக்கு மேல் இடி இடிக்காத வாரம் உண்டா? முதல் இடி காதில் விழுந்ததும் எல்லாரையும் மேலே ஏற்று, கடைசி இடிக்கு அப்புறம் 30 நிமிடம் போனால்தான் திரும்ப இறக்கு. காசு கட்டியிருக்கிறோமே என்று ஒரு அப்பா முறைப்பார். முறைக்கட்டும்.

ஏன் இந்த வேலை என்று கேட்டால், சின்ன வயதிலிருந்தே ஆசை என்று ஆரம்பிக்காதே, எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். நம் ஊர் பத்தாங் பெர்ஜுந்தாயைச் சொல், இப்போது பெஸ்தாரி ஜெயா என்கிறார்களே, அதை. ஒரு பக்கம் சிலாங்கூர் ஆறு, இன்னொரு பக்கம் பழைய ஈயக்குட்டைகள், கரை மண் பொலபொலவென்று சரியும், இரண்டு அடி வைத்தால் கால் எட்டாது. இவ்வளவு தண்ணீரைச் சுற்றி வைத்துக்கொண்டு, செம்பனைக்கு நடுவில் வளர்ந்த நம் பிள்ளைகளுக்குக் கிடைத்த ஒரே நீச்சல் பாடம், தண்ணீர் பக்கம் போனால் காலை உடைத்துவிடுவேன் என்ற மிரட்டல்தான். பெற்றோரைக் குறை சொல்லவில்லை, செம்பனைக் குலை வெட்டப் போகிறவர்கள் யாரை நம்பி ஆற்றுக்கு அனுப்புவார்கள்? மலாயில் சொல்வதானால் மலாயிலேயே சொல், ஆங்கிலத்தில் தடுமாற வேண்டியதில்லை.

கடைசியில், ஏதாவது கேட்க வேண்டுமா என்பார்கள். தலையாட்டிவிட்டு வந்துவிடாதே. ஒரு டீச்சருக்கு எத்தனை பிள்ளைகள், பாடம் நடக்கும்போது கரையில் தனியாக உயிர்காப்பாளர் நிற்பாரா, இந்த இரண்டையும் கட்டாயம் கேள். சம்பளம் மாதத்துக்கா மணிக்கணக்கா, மழையில் வகுப்பு ரத்தானால் காசு உண்டா, ஓய்வுக்காலச் சேமிப்பான ஈபிஎஃப், வேலை விபத்துக் காப்புறுதியான சொக்சோ பிடிப்பார்களா என்றும் கேள். மாதச் சம்பளம் முழுநேர வேலைக்கு 1,700 வெள்ளிக்குக் கீழே என்றால் அது சட்டப்படியே குறைவு. கரையில் ஆள் நிற்க மாட்டார் என்றால், சம்பளம் எவ்வளவு சொன்னாலும் எனக்கு அந்த இடம் பிடிக்காது.

சான்றிதழ்களை இரண்டு நகல் எடுத்துக்கொள். இன்னொரு செட் உடுப்பும் துண்டும் வேண்டும். பசியாறிவிட்டுப் போ, வயிறு முட்ட வேண்டாம். சனிக்கிழமை நான் கிள்ளானுக்குப் போகிறேன், வழியில் இறக்கிவிடுகிறேன், காலை ஆறரைக்கு வாசலில் நில்.

அன்புடன்
அக்கா